தண்ணீர் விநியோகம்: மாநகராட்சி கையிலா, கம்பெனி கையிலா? (கோவை 24 மணி நேரத் திட்டத்தை வைத்து ஒரு விவாதம்)

#1 மருதமலை அடிவாரம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல இந்தத் தண்ணி விஷயத்தைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. பேசறதுக்கு முன்னாடி இங்க கேட்டுக்கறேன்.

எனக்குத் தெரிஞ்சதை முதல்ல சொல்லிடறேன். கோவை மாநகராட்சி 2018-ல சூயஸ்ங்கிற பிரெஞ்சுக் கம்பெனியோட இந்தியக் கிளைக்கு ஒப்பந்தம் கொடுத்துது. பழைய மாநகராட்சிப் பகுதியின் 60 வார்டுகள், 26 வருஷம், சுமார் 3,150 கோடி ரூபாய். பழைய குழாய மாத்தறது, மேல்நிலைத் தொட்டி கட்டறது, வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கறது, நாள் முழுக்கத் தண்ணி வர்ற மாதிரி பண்ணி அதைப் பராமரிக்கறது எல்லாம் கம்பெனி வேலை. கட்டணம் எவ்வளவுன்னு முடிவு பண்றது மாநகராட்சி. ஊருக்குத் தண்ணி வர்ற சிறுவாணியையும் பில்லூரையும் யாருக்கும் வித்துடலை. இதை ஏன் சொல்றேன்னா, "சிறுவாணியை வித்துட்டாங்க"ன்னு இன்னும் வாட்ஸ்அப்புல ஓடிட்டிருக்குது.

எதிர்க்கட்சியா இருந்தப்ப தி.மு.க. இதைக் கடுமையா எதிர்த்துது. 2021-ல ஆட்சிக்கு வந்த பின்னாடியும் ஒப்பந்தம் தொடருது. அதனால கட்சிச் சண்டை வேண்டாமுங்க. நிர்வாகம் பண்ற ஆளு மாறினா தண்ணி ஒழுங்கா வருமா, வராதா? அது ஒண்ணுதான் என் கேள்வி.

#2 உக்கடம் வாசி

வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்த பிறகு அதைக் கேள்வி கேட்கும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். 26 வருஷம் என்றால் ஐந்து மாமன்றத் தேர்தல். இன்று ஓட்டுப் போடும் வயது வராத பிள்ளை நடுவயதைத் தொடும்வரை கையைக் கட்டிவைக்கும் ஒப்பந்தம் இது. கவுன்சிலர் சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். கம்பெனியை எந்தப் பெட்டியில் ஓட்டுப் போட்டு மாற்றுவது?

சூயஸின் சொந்த ஊரையே பார்ப்போம். பாரிஸ் நகரம் 1985-ல் தண்ணீர் விநியோகத்தை இரண்டு கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. சேன் நதிக்கு ஒரு கரை இன்றைய வியோலியாவுக்கு, மறு கரை சூயஸுக்கு. ஒப்பந்தம் முடிந்ததும் நகர நிர்வாகம் புதுப்பிக்கவில்லை. 2010 ஜனவரி 1 முதல் 'ஓ தெ பாரி' என்ற பொது நிறுவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. முதல் வருஷத்திலேயே சுமார் 3.5 கோடி யூரோ மிச்சம், 2011-ல் கட்டணத்தில் 8 சதவீதம் குறைப்பு. பங்குதாரர்களுக்கு லாபமாகப் போன பணம் நகரத்திலேயே தங்கியது.

பொலிவியாவின் கொச்சபம்பா எல்லாருக்கும் தெரிந்த கதை, இருந்தாலும் சொல்கிறேன். 1999-ல் பெக்டெல் என்ற அமெரிக்கக் கம்பெனி தலைமையிலான கூட்டு நிறுவனத்துக்கு 40 வருஷ ஒப்பந்தம். ஆண்டுக்கு 15 சதவீதத்துக்குக் குறையாத லாபத்துக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது. கட்டணம் ஏறியது, சில வீடுகளுக்கு இரட்டிப்புக்கும் மேல். தெருவில் இறங்கிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. 17 வயதுப் பையன் ஒருவன் செத்தான். 2000 ஏப்ரலில் ஒப்பந்தம் ரத்து. அதற்கும் நஷ்டஈடு கேட்டு கம்பெனி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. உலகம் முழுக்க எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 2006-ல்தான் வழக்கை முடித்துக்கொண்டது.

#3 ஓய்வுபெற்ற குழாய்க்காரன்

நான் பொறியாளராகக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொச்சபம்பாவில் ஒப்பந்தம் ரத்தானது வெற்றிதான். ஆனால் அதற்குப் பிறகு பொது நிறுவனமே நடத்தியும் ஊரின் தெற்குப் பக்கத்து ஏழை மக்கள் பல வருஷம் லாரித் தண்ணீரைத்தான் விலை கொடுத்து வாங்கினார்கள். அந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

முதலில் நம் ஊர்க் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது குழாய் நிறைகிறது, பிறகு வடிகிறது. வடியும்போது உள்ளே அழுத்தம் போய்விடும். விரிசல் இருக்கும் இடத்தில், பக்கத்திலேயே சாக்கடை ஓடினால் அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வந்ததும் முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றிவிட்டுப் பிறகு பிடிப்பது நம் வீடுகளில் பழக்கம். அதற்குக் காரணம் இதுதான். பிறகு ஆளாளுக்கு மோட்டார் போட்டு இழுப்பார்கள். மேட்டுத் தெருவுக்குச் சொட்டு வராது. எந்த வால்வை எத்தனை சுற்று திருப்பினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏறும் என்பது தண்ணீர் திறந்துவிடுகிறவரின் மனதில்தான் இருக்கும். எந்த வரைபடத்திலும் இருக்காது. அவர் லீவு போட்டால் நாலு தெரு காயும்.

24 மணி நேரத் தண்ணீர் என்றால் அதிகத் தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும் என்பதே அதன் பொருள். அதற்கு ஊரைச் சின்னச் சின்ன மண்டலமாகப் பிரித்து ஒவ்வொன்றின் வாசலிலும் பெரிய மீட்டர் வைக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு ஊரே தூங்கும்போதும் அந்த மீட்டர் வேகமாக ஓடினால் அவ்வளவும் கசிவு. அப்புறம் கேட்கும் கம்பியைக் குழாய் மேல் வைத்து, மறுமுனையில் காதை ஒட்டி, மெல்லிய சீறல் எங்கே கேட்கிறது என்று தெருத் தெருவாக நடந்து தேட வேண்டும். இதைப் பழகிய ஆட்கள் இந்தியாவில் எல்லா மாநகராட்சியிலும் குறைவு. கம்பெனியை அழைப்பதற்கு நியாயமான ஒரே காரணம் இந்தத் திறமைதான். முதலீட்டுக்காக என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பெரும்பாலான இடங்களில் பணம் கடைசியில் அரசாங்கத்துடையது.

கர்நாடகத்தில் ஹூப்ளி-தார்வாட், பெளகாவி, கலபுரகியில் வியோலியா 2008 வாக்கில் சில பகுதிகளில் இதைச் செய்து காட்டியது. ஹூப்ளியில் நடந்த ஆய்வுகளில், முறை வைத்து விட்ட குழாயைவிட நாள் முழுக்க வந்த குழாயில் கிருமி குறைவாக இருந்தது தெரிந்தது. ஆனால் செய்து காட்டியது பத்தில் ஒரு பங்கு ஊருக்கு. மிச்ச ஊருக்கு விரிவாக்க வேலை தொடங்கவே பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

#4 பனியன் நகரத்தான்

தனியார் தண்ணீர் என்றால் சூயஸ், பாரிஸ் என்று எல்லாரும் தூரத்துக்குப் போகிறீர்கள். இந்தியாவிலேயே முதல் பெரிய தனியார் தண்ணீர்த் திட்டம் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. எங்கள் திருப்பூர்.

தொண்ணூறுகளில் இங்கே சாயப்பட்டறைக்குத் தண்ணீர் என்றால் லாரிதான். பல்லடம், அவிநாசி பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை விவசாயிகள் விற்பார்கள். ரோடெல்லாம் சொட்டிக்கொண்டே லாரிகள் வரும். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. அப்போது 1995-ல் 'நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்' என்ற கம்பெனியை உருவாக்கினார்கள். தமிழக அரசு, ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம், ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் சேர்ந்து. சுமார் 1,023 கோடி ரூபாய். பவானிப் பக்கமிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். கணக்கு ரொம்ப எளிது: சாயப்பட்டறைக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தண்ணீர். 30 வருஷ உரிமம். 2005 வாக்கில் தண்ணீர் வந்தது, நல்ல தண்ணீர்தான்.

அந்தச் சாயத் தண்ணீர் எங்கே போனது என்று கேளுங்கள். நொய்யலுக்குப் போனது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டி ஆனது. கீழே கரூர் வரைக்கும் விவசாயம் போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக மூடின. தண்ணீர்க் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் அன்றைக்கே காணாமல் போனார்.

பிறகு பட்டறைகள் மெல்லத் திறந்தன. ஆனால் சுத்திகரித்த தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும். அப்படிச் செய்தால் புதுத் தண்ணீர் எவ்வளவு தேவைப்படும்? முன்பு வாங்கியதில் சிறு பங்குதான். ஆறு பிழைக்க வேண்டுமென்றால் தண்ணீர் விற்பனை குறைய வேண்டும். தண்ணீர்க் கம்பெனி பிழைக்க வேண்டுமென்றால் விற்பனை கூட வேண்டும். இரண்டையும் எதிரெதிராக நிறுத்திவைத்தது அந்த ஒப்பந்தம். கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் தடுமாறி, கடனையே மறுசீரமைக்க வேண்டி வந்தது. 2018-ல் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ்.-ஸே விழுந்தது.

இதில் கம்பெனி திருடியது, ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. வீட்டுத் தண்ணீரின் விலையை ஒரு தொழிலின் லாபத்தில் கட்டி வைத்தார்கள், அந்தத் தொழில் சரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. யார் நடத்துகிறார்கள் என்பதைவிட, கணக்குத் தப்பானால் யார் தலையில் விடியும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

#5 லைன் வீட்டு அம்மணி

படிச்சவங்க எல்லாம் பேசறீங்க, நடுவுல ஒண்ணு கேக்கறேன். நாங்க லைன் வீட்டுல குடியிருக்கோம். ஆறு வீட்டுக்கு ஒரு இணைப்பு, அதுவும் வீட்டுக்காரர் பேர்ல. நல்ல தண்ணிய ஆறு வீடும் பங்கு போட்டுப் புடிக்கறோம், பாத்திரம் கழுவறதுக்குத் துணி துவைக்கறதுக்கு உப்புத்தண்ணி போர்ல. மீட்டர் வெச்சு, அதிகமா செலவு பண்ணினா அதிக ரேட்டுன்னு வந்தா, ஆறு குடும்பத்து செலவும் ஒரே மீட்டர்ல ஏறுமில்லீங்களா? தோட்டத்துக்குத் தண்ணி விடற பங்களாவுக்கு என்ன ரேட்டோ அதேதான் எங்களுக்கும் வரும். வீட்டுக்காரர் அதை வாடகையோட சேத்துத்தான் கேப்பாரு. தெருமுனைல பொதுக்குழாய் இருக்குது, அதையும் எடுத்துட்டா எங்க போறது?

#6 உக்கடம் வாசி

அக்கா கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. 'எல்லாருக்கும் வீட்டு இணைப்பு கொடுத்த பிறகு பொதுக்குழாய் எதற்கு' என்பது காகிதத்தில் சரியாகத் தெரியும். பட்டா இல்லாத இடத்தில் குடியிருப்பவர், வாடகைக்காரர், நடைபாதையில் கடை போடுபவர், வெளியூரிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர், இவர்கள் பேரில் எந்த இணைப்பும் வராது. பொதுக்குழாயில் வரும் தண்ணீருக்கு வருமானம் கிடையாது. வருமானம் இல்லாத தண்ணீர் கம்பெனிக் கணக்கில் கசிவோடு சேர்ந்துவிடும். கசிவைக் குறைத்தால்தான் கம்பெனிக்குப் பணம் என்றால், பொதுக்குழாயை மூடுவதும் சாதனைப் பட்டியலில் போய்விடும். அதை ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுத வேண்டும்.

#7 ஓய்வுபெற்ற குழாய்க்காரன்

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அம்மா கேட்டதற்குத் தீர்வு இருக்கிறது. ஓர் இணைப்புக்குப் பின்னால் எத்தனை குடும்பம் என்று பதிந்து, அத்தனை மடங்கு அடிப்படை அளவைக் குறைந்த விலையில் கொடுக்கலாம். ஆனால் இது மாமன்றம் எடுக்க வேண்டிய முடிவு. கம்பெனியிடம் கேட்டுப் பயனில்லை.

#8 கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதியில் இரண்டையும் பார்த்துவிட்டோம். 2005-ல் விநியோகம் சபாஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது, 30 வருட உரிமம். சுத்திகரிப்பு ஆலைகள் வேறு வேறு கம்பெனிகளிடம். 2008-ல் மாநில ஆட்சி மாறியது. புது அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் முதல் 20 கன மீட்டர் இலவசம் என்றது. கம்பெனி கட்டண உயர்வு கேட்டது, மாநிலம் மறுத்தது, மத்திய அரசு வேறு பக்கம் நின்றது. இந்த இழுபறியில் புது ஆலை கட்டும் வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போனது. 2014-ல் வறட்சி வந்ததும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பழைய குழாய்களை மாற்றும் வேலையும் பின்தங்கி, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் கணக்கில் வராமலே போய்க்கொண்டிருந்தது.

பிறகு மாநிலம் ஒவ்வொரு கம்பெனியாக விலை கொடுத்து வாங்கியது. கடைசி ஆலைக் கம்பெனி கைக்கு வர 2019 ஆனது, அதற்கு மட்டும் 255 கோடி ரிங்கிட். ஒரே பொது நிறுவனம் 'ஆயர் சிலாங்கூர்'. கொடுப்பது சுலபம், திரும்ப வாங்க எத்தனை வருடம், எவ்வளவு பணம் என்று பாருங்கள்.

ஆனால் பொது நிறுவனம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2020 செப்டம்பரில் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து ஆலைகளை மூடினார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் தடை. என் அம்மா வயசானவர், வாளி தூக்க முடியாது. அடுக்குமாடிக் கீழே லோரி வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் எங்களுக்கும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆற்றைக் காக்காவிட்டால் யார் நடத்தினாலும் குழாய் காயும்.

#9 புவனேஸ்வர் தமிழன்

பொதுத்துறையால் 24 மணி நேரத் தண்ணீர் தர முடியாது என்று நினைப்பவர்கள் ஒருமுறை புரிக்கு வாருங்கள். 2021 ஜூலையில் இந்தியாவிலேயே முதல் ஊராகக் குழாயில் அப்படியே குடிக்கும் தண்ணீர் 24 மணி நேரமும் கொடுக்கத் தொடங்கினார்கள். நடத்துவது 'வாட்கோ', ஒடிசா அரசின் சொந்த நிறுவனம். லாபம் அதன் நோக்கம் இல்லை.

எனக்கு அதில் பிடித்தது ஜலசாத்தி ஏற்பாடு. சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பகுதி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மீட்டர் பார்ப்பது, கட்டணம் வாங்குவது, வீட்டுக் குழாயிலேயே தண்ணீரைச் சோதித்துக் காட்டுவது, புது இணைப்புக்கு மனு வாங்குவது எல்லாம் அவர்கள். வசூலில் பங்கு கிடைக்கும். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, குளோரின் இருக்கிறதா என்று நிறம் மாறுவதை வீட்டு அம்மாவிடமே காட்டுகிறார் அதே தெருவில் குடியிருக்கும் இன்னொரு பெண். எந்தக் கால் சென்டரும் அந்த நம்பிக்கையைத் தராது. நம் ஊரில் மகளிர் குழுக்களுக்குப் பஞ்சமா?

#10 ஓய்வுபெற்ற குழாய்க்காரன்

புரி நல்ல உதாரணம். இன்னும் கடினமான இடத்தில் நடந்தது கம்போடியாவின் நாம் பென். போரில் சிதைந்த ஊர். 1993-ல் எக் சோன் சான் என்பவர் ஊரின் தண்ணீர் நிறுவனத் தலைமைக்கு வந்தபோது 72 சதவீதத் தண்ணீர் கணக்கில் வரவில்லை. திருட்டு இணைப்பு, லஞ்சம் வாங்கும் ஊழியர், பில் கட்டாத அதிகாரிகள். மீட்டர் வைக்கப் போன அவர் தலையில் ஒரு ராணுவத் தளபதி துப்பாக்கியை வைத்தார். எக் சோன் சான் விடவில்லை, இணைப்பைத் துண்டித்தார். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை, கசிவைக் குறைத்த ஊழியருக்கு ஊக்கத்தொகை. 2008 வாக்கில் கணக்கில் வராத தண்ணீர் சுமார் 6 சதவீதம். அப்போது முழுக்கப் பொது நிறுவனம்தான். ஆனால் கணக்கும் ஆள் நியமனமும் தனி, நகராட்சி அலுவலகத்திலிருந்து யாரும் தலையிட முடியாது. மகசேசே விருது 2006-ல் அவருக்குக் கிடைத்தது.

மணிலாவில் 1997-ல் ஊரையே இரண்டாகப் பிரித்து இரண்டு தனியார் கையில் கொடுத்தார்கள். கிழக்கில் 60 சதவீதத்துக்கு மேல் கணக்கில் வராமல் போன தண்ணீர் சுமார் 11-க்கு இறங்கியது. மேற்கை எடுத்த கம்பெனி சில வருஷத்திலேயே திவாலுக்குப் போனது. அதில் பங்குதாரர் யார் தெரியுமா? சூயஸ். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே வருஷத்து ஒப்பந்தம். அதனால்தான் தனியார் நல்லது, பொது நல்லது என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. ராத்திரி 2 மணி மீட்டரை யார் பார்க்கிறார்கள், அந்த எண் ஊருக்குத் தெரிகிறதா, தெரிந்த பிறகு யாராவது பதில் சொல்கிறார்களா, இந்த மூன்றையும் பார்க்காமல் நான் கருத்துச் சொல்ல மாட்டேன்.

#11 உக்கடம் வாசி

அந்த எண்ணைப் பார்க்க நம்மிடம் ஆள் வேண்டுமே ஐயா. இங்கிலாந்தில் 1989-ல் தாட்சர் அரசு தண்ணீர் நிறுவனங்களை முழுக்க விற்றது. கண்காணிக்க 'ஆஃப்வாட்' என்று தனி அமைப்பே இருக்கிறது, படித்த வல்லுநர்கள் நிறைந்தது. அப்படியிருந்தும் லண்டனுக்குத் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டர் கம்பெனி மேலும் மேலும் கடன் ஏற்றிக்கொண்டே பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுத்தது. நதியில் சாக்கடையை விட்டதற்கு 2017-ல் 2 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம். இப்போது கடன் 1,500 கோடி பவுண்டைத் தாண்டி, அரசே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்குமோ என்ற நிலை. அவர்களாலேயே பிடித்து நிறுத்த முடியவில்லை. நம் மாநகராட்சியில் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்க எத்தனை பொறியாளர், எத்தனை கணக்காளர் இருக்கிறார்கள்?

#12 பனியன் நகரத்தான்

சென்னை மீஞ்சூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010-ல் வந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, தினம் 10 கோடி லிட்டர், 25 வருஷம் தண்ணீர் வாங்கிக்கொள்வதாக மெட்ரோ வாட்டர் ஒப்பந்தம். திருப்பூரில் வாங்க ஆளில்லாமல் கம்பெனி தவித்தது. அங்கே வாங்கும் கடமை பொது நிறுவனத்தின் தலையில். ஏரி நிரம்பிய வருஷத்திலும் கடல்நீர் ஆலைக் கணக்கு ஓடியது. 2019 மாதிரி வறண்ட வருஷத்தில் அதே ஆலை ஊரைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. ஆபத்து எப்போதும் யாரோ ஒருவர் பக்கம் இருக்கும். அது யார் பக்கம் என்று கையெழுத்துப் போடும்போதே ஊருக்குச் சொல்ல வேண்டும்.

#13 மருதமலை அடிவாரம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கூட்டத்துல 'கம்பெனி வேண்டும், வேண்டாம்'னு கை தூக்கச் சொல்லப் போறதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாயி ஓடிட்டிருக்கறப்ப அந்த ஓட்டுக்கு மதிப்பு இல்லை. அதுக்குப் பதிலா எங்க கவுன்சிலர் வழியா மாமன்றத்துல வெக்கச் சொல்லி ஒரு மனு தயார் பண்றேன். ஒப்பந்தத்தோட முழு வாசகமும் தமிழ்ல வேணும், சுருக்கம் இல்லை. ஒவ்வொரு மண்டலத்துக்கும் உள்ள போன தண்ணி எவ்வளவு, வீட்டு மீட்டர்ல பதிவானது எவ்வளவுன்னு மாசா மாசம் வார்டு ஆபீஸ் பலகைல எழுதணும். பொதுக்குழாய் தண்ணிய கசிவுக் கணக்குல சேக்கக் கூடாது, மாமன்றத் தீர்மானம் இல்லாம ஒரு பொதுக்குழாயும் எடுக்கக் கூடாது. ஒரே இணைப்புல பல குடும்பம் இருந்தா குடும்பக் கணக்குப்படி கட்டணம். தண்ணி சோதனையை மகளிர் குழு கைல குடுக்கணும். லைன் வீட்டு அம்மணி, நீங்க கூட்டத்துக்கு வந்து பேசினா நல்லா இருக்கும்ங்க.

#14 லைன் வீட்டு அம்மணி

ஞாயித்துக்கிழமைன்னா வர்றேனுங்க. எங்க லைன்ல இன்னும் நாலு பேரையும் கூட்டிட்டு வர்றேன். வாடகை ரசீது இருந்தாலே குடும்பக் கணக்குல சேக்கணும்னு எழுதுங்க. வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னா ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க.

#15 ஓய்வுபெற்ற குழாய்க்காரன்

இன்னும் ஒன்றைச் சேருங்கள். ஒப்பந்தம் 2044 வாக்கில் முடியும். அன்றைக்குக் குழாய், மீட்டர், வரைபடம், கணினித் தகவல் எல்லாம் எந்த நிலையில் திரும்பி வரும் என்று கேளுங்கள். மாநகராட்சியின் சொந்தப் பொறியாளர்கள் பத்துப் பேராவது கம்பெனி ஆட்களோடு தினமும் வேலை பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், அவர்கள் பெயர்ப் பட்டியலை வருஷா வருஷம் மாமன்றத்தில் வைக்க வேண்டும். பாரிஸால் திரும்ப எடுக்க முடிந்தது, எடுத்து நடத்தத் தெரிந்த ஆட்கள் நகரத்திடம் இருந்ததால். ஓய்வு பெற்ற எங்களில் சிலர் சம்பளமில்லாமல் வந்து கற்றுக்கொடுக்கவும் தயார். அதையும் மனுவில் எழுதலாம்.

#16 மருதமலை அடிவாரம்

எழுதிட்டேனுங்க ஐயா. மனுவோட நகலைக் கூட்டத்துக்கு முன்னாடி இங்கயே போடறேன். திருத்தம் இருந்தா சொல்லுங்க.